ஆரோக்கியம் நகர்ந்து கொடுத்த இடம்

போன வாரம் சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மாளிடம் மெங்குவாங் பாய் ஒன்று வாங்கினேன். வீட்டில் விரித்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை, காய்ந்த தாழையும் வெயிலும் கலந்தது. அது என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய எங்கள் கோயிலில் போட்டுவிட்டது.

கோயில் என்றால் மாதா கோயில். இந்த மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நாங்கள் போய்வந்த சின்னக் கோயில்; பெயர் வேண்டாம். முன்பாதியில் பெஞ்சுகள், பின்பாதியில் பாய்கள். பெஞ்சு கிராணிமார் குடும்பங்களுக்கு, அதாவது ஆபீசில் பேனா பிடிக்கிறவர்கள் வீட்டாருக்கு. பாய், முனிசிபல் லயத்து வரிசைவீடுகளிலிருந்து வரும் தெருக்கூட்டிகளுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும். யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. ஊரிலிருந்த சாதி, எங்களோடு டிக்கெட் இல்லாமல் கப்பலேறி வந்து இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

நான் பெஞ்சுக்காரி. அப்பா துறைமுக ஆபீசில் பெரிய கிராணி, கோயில் கமிட்டிக்கும் தலைவர். முதல் பெஞ்சு எங்களுடையது. எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் புதிதாக டீச்சர் வேலை. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் மணி சொல்லித் திரிந்த காலம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புது நன்மை வாங்கப்போகும், அதாவது முதன்முதலாகத் திரு அப்பத்தை நாக்கில் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். அதில் செசீலி என்று ஒரு லயத்துப் பெண், ஒன்பது வயது. ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று ஒருநாள் நான் சொன்னதும் கையைத் தூக்கினாள்.

"பெஞ்சுல இருக்கிற மாதிரியேதான் பாயிலயும் இருப்பாரா டீச்சர்?"

பெரிய மெய்ஞ்ஞானம் படித்த நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பேசாம படி." அதுதான்.

கடைசிப் பரீட்சையில் செசீலிதான் முதல். புது நன்மை அன்று பிள்ளைகள் வரிசையாகப் பீடத்துக்குப் போவார்கள். மார்க்குப்படி பட்டியல் எழுதி, அவள் பெயரை முதலில் போட்டேன். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்தப் பெயரை அடித்துவிட்டு, கடைசியில் எழுதினார்.

"படிப்பு வேற, கோயில் ஒழுங்கு வேறம்மா."

சாமியாரிடம் போனேன். பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் கமிட்டி என்றதும் அவருக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "பார்க்கலாம்."

செசீலியின் அம்மா ஆரோக்கியம், முனிசிபலில் தெருக்கூட்டுகிறவள், புருஷன் இல்லை. பள்ளிக்கூட வாசலில் துடைப்பத்தோடு என்னை மறித்தாள்.

"டீச்சரம்மா, எம்புள்ள பரீட்சையில எத்தனாவது?"

"முதல் இடம்."

"வரிசையில?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

"சரி லா, நா பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.

புது நன்மை ஞாயிறு காலை நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது முதல் நான்கு பெஞ்சுகளும் நிறைந்திருந்தன. லயத்துப் பெண்கள், வெளுத்த சேலையில், முக்காடு போட்டு. எங்கள் பெஞ்சில் செசீலியும் ஆரோக்கியமும். பாய்கள் வெறுமனே கிடந்தன. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் கையைப் பிசைந்தார்.

"எந்திரிங்க, இது கிராணிமார் எடம்."

ஆரோக்கியம் திரும்பவேயில்லை. "நன்மை வாங்கறப்ப நாக்கைத்தானே நீட்டறோம்? பாய்க்காரி, பெஞ்சுக்காரின்னு நாக்குல எழுதியிருக்கா?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்பாவின் முகம் கறுத்தது. "நீ சொல்லு, உன் பேச்சைக் கேப்பா" என்று என்னை முன்னால் தள்ளினார்.

நான் போனது எழுந்திருக்கச் சொல்லத்தான். அதை மறைக்க மாட்டேன். வாயில் வார்த்தையும் தயாராக இருந்தது. பக்கத்தில் போய் நின்றதும், ஆரோக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செசீலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சற்று நகர்ந்தாள்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க டீச்சர்."

என் சொந்த பெஞ்சில் எனக்கு இடம் கொடுக்கிறாள்! வீரமா, நிற்க முடியாமல்போனதா, இன்றுவரை தெரியாது, உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உட்கார்ந்தபின் எழுந்திருக்கவில்லை. அது தெரிந்தே செய்தது.

அப்பா வெளியே நடந்தார். பின்னாலேயே ஏழெட்டுக் குடும்பங்கள். சாமியார் பீடத்திலிருந்து அந்த முதுகுகளை வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணியடிக்கச் சொன்னார். 'பார்க்கலாம்' அன்று வரவில்லை. செசீலிதான் முதலில் போனாள்.

அப்பா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோயிலுக்குத் திரும்பி வந்தார். ஆனால் சாகும்வரை எந்த பெஞ்சிலும் உட்காரவில்லை, வாசலோரம் நின்றே பூசை கண்டார். அவர் பிடிவாதம் அவருக்கு. எனக்கு அதே ரத்தம்தானே, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அவளுடைய மேஸ்திரி வெளியே நடந்தவர்களில் ஒருவர். மைல்கணக்கில் தள்ளியிருந்த ஆயர் ஈத்தாம் என்ற ஊர்ப் பக்கம் அவள் வேலையை மாற்றிவிட்டார். அங்கிருந்து ஞாயிறுதோறும் பொழுது விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்தாள். வந்து முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். காலியாக இருந்தாலும் ஓரத்தில் ஒண்டாமல் நட்டநடுவில்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் போட்ட குண்டில் ஆரோக்கியம் போனாள். செசீலி கல்யாணம் கட்டிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் போனாள், அவளும் இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். முக்காடுகளும் லத்தீன் பூசையும் போயின.

கோயில் வரலாற்றுப் புத்தகம் போடுகிறோம் என்று சென்ற வருஷம் ஒரு தம்பி வந்தான். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அச்சுப்படி காட்டினான். 'ஆதிமுதல் அனைவரையும் ஒரே குடும்பமாக வரவேற்ற ஆலயம்' என்று இருந்தது. ஆரோக்கியத்தைக் காணோம். முன்னாள் ஞானோபதேச ஆசிரியை என்று என் பெயர் மட்டும் போட்டோவோடு இருந்தது.

"ஆரோக்கியம் எங்க?"

"அது வேணாம் லா ஆன்ட்டி, படிக்கிறவங்க மனசு கஷ்டப்படும்."

"அப்ப என்னையும் எடுத்துடு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எடுத்துவிட்டான்.

புத்தகம் வந்திருக்கிறது. பளபளப்பான தாள், நிறையப் படங்கள். அதில் ஆரோக்கியம் இல்லை, நானும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில்தான் இல்லாமல் இருக்கிறோம்.