காம்பு சரியில்லை என்றார்கள்

எங்கள் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என் மனைவியின் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். சொன்னவர்கள் என் அம்மாவும் பெரியம்மாவும்.

"காம்பு உள்ளுக்குப் போயிருக்கு. இதுல எப்படிப் புள்ள குடிக்கும்?" என்றார் பெரியம்மா, கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வதைப் போல.

அம்மா அதோடு விடவில்லை. "மாரும் சின்னது. இவ அம்மாக்காரி அப்பவே பாத்துச் சொல்லியிருக்கணும்."

என் மனைவியின் அம்மா உயிரோடு இல்லை என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் நான் வெளியில் நின்றுதான் கேட்டேன். தீட்டுக் கழியும்வரை பிள்ளை பெற்றவளின் அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மாத்தளையில் அரசாங்கக் கந்தோரில் வேலை. அங்கே என் பேச்சை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. உக்குவளையில் எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. "படிச்சுட்டா பொம்பளைங்க விசயத்துலயும் மூக்க நுழைக்கலாமா?" என்று அம்மா கேட்டால் பெரியம்மா சிரிப்பார்.

உள்ளே குழந்தை கத்தும். கொஞ்சம் அடங்கும். மறுபடி கத்தும். அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனைவி பல்லைக் கடித்து மூச்சை இழுப்பது கேட்கும். காம்பு வெடித்துப் புண்ணாகியிருந்தது. அம்மா பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் வாங்கிவந்து அடுப்படித் தட்டில் வைத்துவிட்டார். மிட்வைஃப் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நான் சண்டை பிடித்ததால் மட்டுமே அந்த டின் திறக்கப்படாமல் இருந்தது.

வந்த மிட்வைஃப் சிங்களப் பெண். தமிழ் தெரியாது. என் மனைவி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. அம்மாவின் சிங்களம் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குத்தான். மொழிபெயர்க்க நான் வேண்டும். ஆனால் உள்ளே போகக்கூடாது. அம்மா ஒரு பழைய சேலையை வாசலில் குறுக்கே கட்டி, என்னை இந்தப் பக்கம் நிற்கவைத்தார்.

மிட்வைஃப் குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிறந்த எடையிலிருந்து கொஞ்சம் இறங்கிறது சகஜம். இது கூடுதலா இறங்கியிருக்கு. ஏறாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்." பிறகு சேலைப் பக்கம் குரலைத் திருப்பி, "தகப்பன் ஏன் பேய் மாதிரி பின்னால நிற்கிறான்? உங்க ஆக்கள் எப்பவும் இப்படித்தான்" என்றார்.

முகம் எரிந்தது. ஆனாலும் அவரைத் துரத்த முடியாது. முதலில் சொன்னதை மட்டும் தமிழில் சொன்னேன்.

"கேளுடா, காம்பு இல்லாத மாருக்கு மருந்து இருக்கான்னு" என்றார் அம்மா.

கேட்டேன். பதில் சுள்ளென்று வந்தது. அதை அப்படியே சொன்னேன்: "புள்ள காம்ப மட்டும் புடிச்சுக் குடிக்கிறதில்லையாம். சுத்தியிருக்கிற கறுப்பும் சேர்த்து வாய் நிறைய மாரைக் கவ்வணுமாம். காம்பு உள்ள இருந்தா மொதல்ல புடிக்கக் கொஞ்சம் கஷ்டப்படும், அவ்வளவுதான். மாரு சின்னதா இருந்தா பால் கொறையும்னு இல்லையாம்."

"வெக்கங்கெட்டவனே, மெதுவாச் சொல்லு! பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்றார் பெரியம்மா.

எப்படிக் கொடுக்கிறாய், காட்டு என்றார் மிட்வைஃப். துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் உயர்ந்தது: "இது பிள்ளையா, பார்சலா?"

அவர் திட்டியதில்தான் எனக்கு விசயம் விளங்கியது. கண்ணூறு படக்கூடாது என்று, பால் கொடுக்கும்போதெல்லாம் தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தலையோடு போர்வையால் மூடிவந்திருக்கிறார்கள். குழந்தையை வேறு துணிக்குமேல் துணி சுற்றி விறைப்பாக மல்லாத்திப் பிடித்து, கழுத்தை மட்டும் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அது எதைக் கவ்வியது என்று யாருமே பார்த்ததில்லை, பெற்றவள் உட்பட. நுனியை மட்டும் கடித்துக் கடித்து அது அழுதிருக்கிறது. குற்றம் மட்டும் காம்பின் மேல்.

போர்வையை எடுக்கச் சொன்னார் மிட்வைஃப். அம்மா மறுத்தார். "வெளி ஆளுக்கு முன்னாலயா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா இந்த மிட்வைஃபா பொறுப்பு?"

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "ஏங்க, அந்தப் பக்கம் நின்னு கத்தாதீங்க. உள்ள வந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

சேலையை விலக்கிக்கொண்டு போனேன்.

"தீட்டுடா!"

"குளிச்சுக்கிறேன்."

"ஒன்னைப் படிக்கவச்சதுக்கு இதுதான் மிச்சம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிட்வைஃப் சொல்லச் சொல்ல, மனைவியின் பக்கத்தில் நின்று சொன்னேன். "துணியெல்லாம் எடு. புள்ள வயிறு ஒன் வயித்தோட ஒட்டணும். மூக்குக்கு நேரா காம்பு. கடையில வாங்குற பணிஸக் கடிக்கிறப்ப வாய்க்குத் தோதா அமுக்கிற மாதிரி மாரைப் புடி. வாய் பெருசாத் தொறக்கிறவரைக்கும் குடுக்காத."

குழந்தை நழுவிக் கத்தியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியம்மா. மிட்வைஃபுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அது விளங்கியது. வெளியே போகும்படி கையைக் காட்டினார். பெரியம்மா போகவில்லை.

அடுத்த முறை குழந்தை கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தது. என் மனைவி அதைச் சட்டென்று தன்னோடு அணைத்தாள். சின்னத் தாடை மார்பில் அழுந்தியது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக அசைந்தது. விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

"வலிக்கல" என்றாள். சந்தோசமாக அல்ல. தன்னை யாரோ ஏமாற்றியதைக் கண்டுபிடித்தவளைப் போல அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

மிட்வைஃப் அடுத்த தடவை வந்தபோது எடை ஏறியிருந்தது. டின்னை நான் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் மட்டும், "மொதல்ல காம்பு உள்ளுக்கு இருந்துச்சு. நான் குடுத்த பூண்டுக் கொழம்புலதான் இப்ப வெளிய வந்திருக்கு" என்பார்.

போன கிழமையும் அப்படித்தான் யாரிடமோ சொன்னார். மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருக்க, என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இல்ல அத்தை. அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. வந்து பாக்குறீங்களா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.