லெனிராவின் முந்நூறு கிராம்

மோண்டெஸ் கிளாரோஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள எங்கள் கிலோ சாப்பாட்டுக் கடையில் லெனிரா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. மேஜையில் வரிசையாக இருப்பதில் அவரவர் வேண்டியதை அள்ளிக்கொண்டு வந்து தட்டைத் தராசில் வைக்க வேண்டும். சோறோ, கறியோ, கீரையோ, எல்லாவற்றுக்கும் கிலோ ஒரே விலை. தராசின் எண் நிற்பதற்குள் லெனிரா எடையைச் சொல்லிவிடுவாள். அஞ்சு கிராம் முன்னே பின்னே போகாது.

"என்ன லெனிரா, இன்னிக்குத் தராசு ஜாஸ்தி காட்டுதே?" என்று எவனாவது டிரைவர் சீண்டுவான்.

"தராசுக்கு என்னடா வந்துச்சு? பூசணிக்காய மலையா குவிச்சிருக்க. வெறும் தண்ணிக்குக் காசு குடுக்கிற. போ, அறுநூத்தி நாப்பது."

உள்ளே அடுப்பு என்னுடையது. என் பேர் ஜந்திரா. எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று ஊரே சொல்லும். வரட்டுமே, இருபது பேருக்கு ஒரே நேரத்தில் பன்றித்தோல் பொரித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

லெனிராவுக்கு ஒரே தம்பி, வால்மிர். லாரி ஓட்டியவன். சிறுநீரகம் ரெண்டும் போய், மூன்று வருஷமாக வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். ஒரு சொட்டு மூத்திரம் வராத மனுஷனுக்கு வேறு என்ன செய்ய முடியும்? ஊசி குத்திக் குத்திக் கை நரம்பெல்லாம் கெட்டுக்கொண்டு வந்தது. லெனிரா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றாள். ரத்தம் பொருந்தியது, மற்ற பரிசோதனையும் பொருந்தியது. தலைநகர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா காகிதத்தை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அவளை எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறச் சொன்னார். எண்பத்தொன்பது கிலோ.

"இந்த உடம்போட ஒத்த கிட்னில நீங்க காலம் தள்ளுறது உங்களுக்கு நல்லதில்லம்மா. எழுபத்தேழுக்குக் கீழ வந்துருங்க. நவம்பர் கடைசில பாப்போம். தம்பிக்கு ரொம்ப நாள் தாங்காது."

அது மார்ச் மாதம். ஊரெல்லாம் எடை போட்டவளுக்குத் தன் எடைதான் குறுக்கே நின்றது.

வால்மிரின் மனைவி நில்சா, பாயிண்ட் கட்சி. சனிக்கிழமைதோறும் சர்ச் பக்கத்து மண்டபத்தில் கூடுகிற மெலிகிறவர்கள் கூட்டத்தில் அவள் ஆறு வருஷமாக உறுப்பினர். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு எண் போட்ட சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். சோறு இத்தனை பாயிண்ட், சீஸ் ரொட்டி இத்தனை பாயிண்ட். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு பாயிண்டுக்குள் முடித்துக்கொண்டால் போதும்.

"அண்ணி, இதுல மண்டைய உடைக்க வேண்டாம். கூட்டத் தெரிஞ்சா போதும்" என்று புத்தகத்தை லெனிராவின் மடியில் போட்டாள்.

நான் கலோரி கட்சி. முழங்கால் வலி வந்து நடக்க முடியாமல் போனபோது, நோட்டுப் போட்டு ஒவ்வொரு கரண்டி எண்ணெயையும் எழுதி எட்டு கிலோ இறக்கியவள் நான். சும்மா இருப்பேனா?

"சாப்பாட்டுக்கு மார்க் போட இதென்ன பரீட்சையா? அந்த எண் எங்கேருந்து வந்துச்சுன்னு உன் நாத்தனாருக்குச் சொல்லு பாப்போம்" என்று நில்சாவைக் கேட்டேன்.

"உங்க மாதிரி ஒரு முட்டைக்குப் பத்து நிமிஷம் கணக்குப் பாத்தா முட்டை ஆறிப்போயிரும் ஜந்திரா. வேலைக்குப் போற பொம்பளைக்கு அதெல்லாம் ஒத்து வராது."

"உடம்புக்குப் பாயிண்ட்டுன்னா என்னன்னு தெரியாதுடி. போனது எவ்வளவு, எரிஞ்சது எவ்வளவு, அதுக்கு அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வால்மிர் வீட்டில் இதே சண்டை. அவன் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ரெண்டு பேரையும் வேடிக்கை பார்ப்பான். லெனிரா யார் பக்கமும் பேசாமல் நில்சாவின் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ரெண்டு மாசத்தில் ஐந்து கிலோ இறங்கினாள். காபியில் சர்க்கரை நின்றது, கலர் பாட்டில் நின்றது, சாயங்கால சீஸ் ரொட்டி நின்றது. எல்லாம் புத்தகத்தில் பெரிய பெரிய எண் போட்டவை. நில்சாவுக்கு வாயெல்லாம் பல். நான் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன், வேறு வழி?

அப்புறம் எண்பத்துநான்கில் நின்றது பாருங்கள், அசையவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் முனையில் இருக்கும் மருந்துக் கடை வாசல் மெஷினில் ஏறுவாள். எங்கள் ஊரில் எல்லாரும் அங்கேதான் எடை பார்ப்பது. பின்னால் நிற்பவன் எண்ணை உரக்கப் படித்தும் விடுவான். ஜூன் முழுக்க எண்பத்துநான்கு. ஜூலை பாதியிலும் எண்பத்துநான்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் வால்மிரின் கை நரம்பு என் ஞாபகத்தில் இல்லை, நில்சாவின் முகம்தான் இருந்தது. லெனிராவின் போனை வாங்கி, கலோரி கணக்குப் பார்க்கிற ஆப் ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தேன். "தராசு உன் கைக்குப் பக்கத்துலயே இருக்கு. ஒன்ன மாதிரி கலோரி எண்ணத் தோதான ஆளு இந்த நாட்டுலயே கெடயாது. ஒரு மாசம் குடு, பாரு!"

ஒரு மாசம் கொடுத்தாள். காலை, மதியம், ராத்திரி, எல்லாம் போனில் ஏற்றினாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டவில்லை. ஆகஸ்ட் நடுவில் மருந்துக் கடை மெஷின் எண்பத்துமூன்றரை என்றது.

அந்த ஞாயிறு எனக்கும் நில்சாவுக்கும் சண்டை நடக்கவில்லை. வால்மிர்தான் பேசினான்.

"அக்கா, போதும் விட்டுரு. எனக்காக வயித்தக் காயப்போட்டுக்கிட்டு... பாக்க முடியல. நான் பாட்டுக்கு மெஷின்ல படுத்துக்கறேன். எத்தன நாளோ அத்தன நாளு."

லெனிரா கையிலிருந்த பாத்திரத் துணியை அவன் மேல் வீசினாள். "வாய மூடுடா! எடை என்னோடது, கிட்னி என்னோடது. நீ யாருடா வேண்டாங்கறதுக்கு?" அப்புறம் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் ஓய்வதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுப்பில்லாத சமையல்காரிக்குக் கடையில் என்ன வேலை? பல வருஷத்தில் முதல் தடவையாக லெனிராவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து தராசில் வைத்தாள். சரியாக முந்நூறு கிராம். போனை எடுத்து எதையோ தட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் தட்டைப் பார்த்தேன். பன்றித்தோல் வறுவல். வெண்ணெயில் வறுத்த மரவள்ளி மாவு. உருளைக்கிழங்கு வறுவல். ஓரமாக ரெண்டு கீரை இலை.

"ஏய், என்னடி இது?"

"சாப்பாடு. ஏன்?"

"போன்ல என்னன்னு போட்ட?"

காட்டினாள். 'கிலோ கடைச் சாப்பாடு, நூறு கிராம், நூற்றைம்பது கலோரி' என்று எந்தப் புண்ணியவானோ பொதுவாக ஏற்றி வைத்திருந்தான். இவள் மூன்றால் பெருக்கி நானூற்றைம்பது என்று போட்டிருந்தாள். தினமும்!

"அப்ப பாயிண்ட்டு?"

"அதுவும் இப்பிடித்தான். சோறு நூறு கிராமுக்கு மூணு பாயிண்ட்டுன்னு புத்தகத்துல இருந்துச்சு. முந்நூறுக்கு ஒம்போது."

"அது சோத்துக்குடி! மத்ததுக்கு?"

லெனிரா என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "கிலோவுக்கு ஒரே கணக்குத்தான ஜந்திரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷம் ஒரே விலை சொல்லிச் சொல்லி அவளுக்கு மனசிலும் ஒரே விலையாகிவிட்டது. அதற்கு மேல் இன்னொன்று: எங்கள் கடைக்கு வருகிற விவரமானவன் எவனும் பூசணிக்காயையும் பயறுக் குழம்பையும் தர்பூசணியையும் தொட மாட்டான், அதெல்லாம் கனம். காய்ந்ததாக, மொறுமொறுவென்று, எடையே இல்லாததாகப் பார்த்து அள்ளுவான். கொடுக்கிற காசுக்கு அதுதான் லாபம். லெனிராவின் கையும் அப்படியே பழகிவிட்டது. கனமான சாப்பாடு உடம்பைக் கனமாக்கும் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

"பூசணிக்காய் ஏண்டி சாப்பிடல?"

"உடம்பக் குறைக்கணும்ல. ஒரு கரண்டி எடுத்தா எம்பது கிராம் ஏறிடுதே!"

நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மூன்றாவது மேஜை வரை கேட்டது. பேனாவை வாங்கி அவள் கண் முன்னாலேயே கணக்குப் போட்டேன். அந்தத் தோல் வறுவலைப் பொரித்தவள் நான், மாவில் வெண்ணெய் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த முந்நூறு கிராம் ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது. பாயிண்டில் சொன்னால், நில்சாவின் இருபத்துநான்கும் அந்த ஒரே தட்டில் தீர்ந்துபோயிற்று. லெனிரா தட்டை மெல்ல அந்தப் பக்கம் தள்ளினாள்.

"மூணு மாசம் போச்சே" என்றாள். "அவன் கைல எத்தன ஊசி குத்தியிருப்பாங்க, மூணு மாசத்துல!"

"இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. அழுது தீர்க்காத. எந்திரி" என்றேன்.

அன்று சாயங்காலமே நில்சா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்ததும், "உன் புத்தகமும் பொய் சொல்லல, என் நோட்டும் பொய் சொல்லல. தட்டுதான் பொய் சொல்லிச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நில்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அண்ணிக்கு நான் கரண்டிய வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்கணும். நூறு தடவ கூட்டத்துக்குப் போனேன், ஒரு தடவ அவங்க கடைக்கு வந்து பாக்கல."

"நான் பத்தடி தள்ளி நின்னு பாக்கலியே" என்றேன். அதோடு எங்கள் சண்டை முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஆனால் வேலை நடந்தது.

மறுநாளிலிருந்து ஏற்பாடு இதுதான். கலோரிக்குப் பொறுப்பு நான். சட்டியில் போகிற எண்ணெய், வெண்ணெய், கறி, எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே எடை பார்த்து, மொத்தக் கலோரி போட்டு, ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்வேன். நில்சா அதைப் பாயிண்டாக மாற்றிச் சின்னச் சீட்டில் எழுதித் தருவாள். பயறுக் குழம்பு ஒரு கரண்டி ரெண்டு. பூசணி ஒன்று. தோல் வறுவல் ஒரு துண்டு மூன்று. லெனிரா மேஜையில் அந்த எண்ணை மட்டும் கூட்டுவாள். நான் சொன்னதுதான் சரி, கலோரிதான் உண்மை. ஆனால் தராசு முன்னால் முப்பது பேர் தட்டோடு நிற்கும்போது உண்மையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது, இருபத்துநாலு வரை கூட்ட முடியும். நில்சாவிடம் இதை ஒரு தடவைதான் ஒப்புக்கொண்டேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

லெனிராவின் தட்டு ஐநூற்றைம்பது கிராமுக்கு ஏறியது. டிரைவர்கள் விடுவார்களா? "என்ன லெனிரா, தண்ணிக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார்கள். "ஆமாடா, தண்ணியோட அரும உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிப் பூசணிக்காயை மென்றாள். செப்டம்பரில் எண்பத்தொன்று. அக்டோபர் கடைசியில் எழுபத்தெட்டரை. மருந்துக் கடையில் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நவம்பர் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் தலைநகருக்குப் பஸ் ஏறினோம். டாக்டரம்மா முன்னால் லெனிரா செருப்பு, தோடு, தலைக் கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி நில்சா கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டு, "எழுபத்தாறு, முந்நூறு" என்றாள். மெஷின் எழுபத்தாறு, நானூறு என்றது.

"நூறு கிராம் தப்பாயிருச்சு" என்று வருத்தப்பட்டாள், அசடு. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார். நானும் நில்சாவும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஜனவரியில் ஆபரேஷன். ரெண்டு நாள் கழித்து நான் லெனிராவைப் பார்க்கப் போனேன். ரெண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆறாது. வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அவனப் பாத்தியா?"

"உள்ள விடல. நில்சா இருக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, நில்சா ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. "அண்ணி! நேத்து ஒரு நாள்ல மூத்திரம் ஆறு லிட்டர்! நர்ஸ் பையை மாத்தி மாத்திக் கை ஓஞ்சுபோச்சாம்! மூணு வருஷமா ஒரு சொட்டு இல்லாத மனுஷன், அண்ணி! அந்தப் பைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு அழறாரு, வெக்கமே இல்லாம!"

லெனிரா சிரித்தாள். தையல் இழுத்தது போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கடி, வலிக்குது" என்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. துடைக்கவே இல்லை.

"தண்ணி குடுத்தாங்களா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"குடம் குடமா குடிக்கச் சொல்றாங்க அண்ணி. யாரும் அளக்கல."