மீதி பதினெட்டாயிரம்

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆரோக்கியம்மாள் எழுத்தர். வீடு சிதம்பரத்தில்; தினமும் பஸ்தான். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய பெண்ணை, படித்தது போதும் என்று அப்பா வேலையில் தள்ளிவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் கடைசிவரை ஆறவில்லை. எப்படி ஆறும்?

2004-இல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வந்த மணிவண்ணன், கீபோர்டு வேலை செய்கிறதா என்று ஒரே பொத்தானை அமுக்கிப் பிடித்தான். திரையில் பதினேழு ஒன்றுகள்: 11111111111111111. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண் உண்டா, இல்லை இது பகா எண்ணா? அந்தக் கேள்வி ஆரோக்கியம்மாளைப் பிடித்துக்கொண்டது.

"நெட்ல போட்டா ஒரு நிமிசத்துல சொல்லிடும்க்கா."

"நீ மட்டும் போட்டுப் பாரு, அப்பறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். இத நான் கண்டுபிடிக்கணும் தம்பி. ரிட்டயர் ஆவறதுக்குள்ள."

இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 34-ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். அதை அவரே தாளில் நிறுவினார். பிறகு அந்த மாதிரி எண்களாக வரிசையாக எடுத்து, சாப்பாட்டு இடைவேளையிலும் பஸ்ஸிலும் கையால் வகுத்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது. ஒவ்வொரு கணக்கையும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளிச் சரிபார்த்து, சிவப்பு மையில் டிக் போடுவார். பள்ளியில் கற்ற முறை. அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. எட்டு வருடம், நோட்டுமேல் நோட்டு. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மீதி வந்து தொலைத்தது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

2012 மே 31, பணி ஓய்வு. சால்வை போட்டார்கள். மணிவண்ணன் ஒரு கண்ணாடிச் சட்டத்தை நீட்டினான்.

"ரிட்டயர் ஆயிட்டீங்க, இனிமே திட்டக் கூடாது. நெட்ல போட்டுட்டேங்க்கா."

உள்ளே பெரிய எழுத்தில்: 2071723 × 5363222357. எல்லாரும் கை தட்டினார்கள். ஆரோக்கியம்மாளுக்குச் சால்வைக்குள் உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் அந்த முதல் எண்? அதை எங்கேயோ பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுகளைக் கலைத்துப் போட்டுத் தேடினார். கிடைத்தது. 2010 மார்ச். 2071723. மீதி 18000. பக்கத்தில் சிவப்பு டிக்.

உட்கார்ந்து திரும்ப வகுத்தார். கடைசிப் படிக்கு முந்தி 1450206 என்று வரவேண்டிய இடத்தில் 1452006 என்று எழுதியிருந்தார். இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே, ஒன்பதைத் தள்ளிப் பார்த்தால் எப்படித் தெரியும்? சரியாக வகுத்தால் மீதி பூச்சியம். அதற்கப்புறம் இரண்டு வருடம் வகுத்ததெல்லாம் வெட்டி வேலை. யார்மேல் கோபப்படுவது? பஸ் குலுங்கியதோ, கண் அசந்ததோ, கை அவருடையதுதான்.

மறுநாள் காலையில், இனி தனக்கு வேலையில்லாத அலுவலகத்துக்கு அதே பஸ்ஸில் போய், அந்தப் பக்கத்தை மணிவண்ணன் முன் விரித்தார். அவன் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"விடுங்கக்கா. அதான் கெடச்சிடுச்சே."

"ஒனக்கு நேத்துதான்டா கெடச்சிது. எனக்கு ரெண்டு வருசம் முந்தியே கெடச்சி, நானே டிக் போட்டு அனுப்பிட்டேன்."