எங்கள் துணைக் கோச்சை அழைத்துப்போனவர்கள்

அந்த யோசனை எனக்குப் பேக்கரியில் வந்தது, தேங்காய் பன்னைப் பாதி கடித்திருந்தபோது. பயிற்சி முடிந்து வரும் பையன்களுக்கு பன் வாங்க நான்தான் மொபெட்டில் போவேன். அன்று எங்கள் கோல்கீப்பர் பின்னாலேயே வந்து நின்றான். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவன்.

"ஏனுங்க்கா, நம்ம துணைக் கோச்சை அவிநாசி ரோட்டு மோட்டார் கம்பெனிக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களாமா?"

"ஆமா."

"அப்ப நம்ம டீமு அவ்வளவுதானுங்களா? பெருந்துறையில ஒரு மில்லுக்காரரு புதுசா டீம் எடுக்கறாராமுங்க. என்னையத் திங்கக்கிழமை வரச்சொல்றாங்க. இங்க சொல்லிக்குடுக்க ஆளு இல்லீன்னா நானும் போயிருவனுங்க. கோவிச்சுக்காதீங்க."

கோல்கீப்பர் போனால் அவனுடன் பஸ்ஸில் வரும் இரண்டு பேரும் போவார்கள். அதற்கப்புறம் டீம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் சட்டைகள்தான் மிஞ்சும். பன்னை மென்றபடியே யோசித்தேன். பளிச்சென்று பிடிபட்டது. எங்கள் ஆளை அழைத்துக்கொண்டு போனாரே, அந்த மோட்டார் கம்பெனியில் டீமைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், அவரையே நாங்கள் அழைத்துக்கொண்டு வந்துவிட்டால்?

அப்போது நான் பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றையும் முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் துறுதுறுவென்று திரிந்த காலம். அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் பவுண்டரி வைத்திருந்தார். அங்கே பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஆட்களும் வெளியாட்கள் சிலரும் சேர்ந்ததுதான் எங்கள் கால்பந்து அணி. பெரிய கோச் வயதானவர். ஞாயிற்றுக்கிழமை வந்து விசில் ஊதுவார். மற்ற நாளெல்லாம் துணைக் கோச்தான். பவுண்டரி ஸ்டோர்ஸில் வேலை, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மைதானம். போன சீசனில் மோட்டார் கம்பெனியைத் தோற்கடித்து நாங்கள் கோப்பை வாங்கினோம். கோப்பை வந்த கையோடு எங்கள் ஆட்களின் மேல் ஊரார் கண் விழுந்துவிட்டது.

வெளிநாட்டில் ஜெயித்த கிளப்பின் ஆட்களை எதிரிக் கிளப்புகள் இழுத்துக்கொள்வதை விளையாட்டுப் பத்திரிகையில் விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். அங்கெல்லாம் வக்கீல்களை வைத்துக்கொண்டு பேசுவார்களாம். எங்கள் ஊரில் வெற்றிலை பாக்குத் தட்டம் பேசும். எங்கள் அணியில் யாருக்கும் ஒப்பந்தம் கிடையாது. ஆயுத பூஜை முடிந்ததும் அப்பா காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பொரிப் பொட்டலம். "இந்த வருசமும் நம்ம டீமுக்கு வரோணுங்க" என்பார். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் அந்த வருடம் அவர் எங்கள் ஆள். அவ்வளவுதான்.

துணைக் கோச்சை எப்படி விட்டோம் என்பது அன்று மாலை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

லைன் வீட்டின் முன்னறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அம்மணி. காப்பி குடிக்கறீங்களா?"

"ஏனுங்ண்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

அவர் டி.வி.யையே பார்த்தார். பதில் சமையலறையிலிருந்து வந்தது. அவர் மனைவி கரண்டியோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

"உங்கப்பாருகூட இவரு எத்தனை ஊட்டுக்குத் தட்டம் தூக்கிட்டுப் போயிருப்பாரு, சொல்லுங்க பாக்கலாம். முன்னால எறங்கிக் கார்க் கதவத் தொறந்துவுட்டு, தட்டத்தை எடுத்து நீட்டி... அந்தக் காரு எங்க ஊட்டு வாசல்ல ஒருநாளாச்சும் நின்னிருக்குதுங்களா?"

"சும்மா இரு புள்ள."

"நா என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்? அந்த மேனேஜரு சம்சாரத்தோட வந்தாருங்க. எனக்குப் பூவு, இவருக்கு வேட்டி. பாப்பா எத்தனாவது படிக்குதுன்னு கேட்டாரு. இவரு என்னையப் பொண்ணுப் பாக்க வந்தப்பக்கூட இவரு ஊட்டுக்காரங்க இத்தனை மரியாதை பண்ணலீங்க."

துணைக் கோச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் தணிந்த குரலில் சொன்னார்: "சம்பளம் ஒண்ணும் பெருசில்லீங்க அம்மணி. முதலாளி மேல கோவமுமில்ல. ஆனா வெத்தலைய வாங்கிப்போட்டேன். வாங்குனா வாங்குனதுதானுங்களே."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து, இடது ஓரம் ஆடும் பையனுக்குக் கணுக்கால் இன்னும் வீங்கியிருக்கிறது, இந்த வாரம் ஓடவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"அவன் நம்மூட்டு ஆளுதான கண்ணு? நம்மூட்டு ஆளுக்கு யாராச்சும் தட்டம் வெப்பாங்களா?"

"அக்கா கல்யாணத்துக்கு நேர்ல வந்து பத்திரிகை வெக்கலீன்னு சித்தப்பா எத்தனை வருசம் பேசாம இருந்தாருங்ப்பா? அவரும் நம்மூட்டு ஆளுதான்."

அப்பா எழுந்துபோய் டி.வி.யை அணைத்தார். செய்தி நேரத்தில் அவர் அதை அணைத்து நான் பார்த்ததில்லை. இதுதான் சமயம் என்று என் யோசனையை எடுத்துவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆளக் கூட்டிட்டுப் போனவனையே கூட்டிட்டு வர்றதா? அந்தாளுக்கு அங்க என்ன கொறச்சல்? கூப்புட்டா வந்துருவானா?"

"கேட்டாத்தானுங்களே தெரியும். கேக்காம இருந்துதான இப்படி ஆச்சு?"

சிரிப்பு நின்றது. "சரி, நாளைக்குப் போலாம். நீயும் வா" என்றார்.

மறுநாள் மாலை பீளமேட்டில் அந்த மேனேஜர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். தட்டத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, பொண்ணுக் கேட்டு வந்தமாட்ட வந்திருக்கீங்க? எங்கிட்ட இருக்கறது ரெண்டும் பசங்களாச்சே!"

"எங்களுக்கு உங்க பசங்க வேண்டாமுங்க, நீங்கதான் வேணும்" என்றார் அப்பா.

மேனேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி சூடாகப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். தட்டம் டீப்பாயிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. மழையைப் பேசினார்கள், பவுண்டரிக்கு வாங்கும் பிக் அயர்ன் விலையைப் பேசினார்கள், மேனேஜரின் மைத்துனன் தோட்டத்தில் போர்வெல் போட்டதைப் பேசினார்கள்.

"எங்க ஆளை நல்லா வெச்சுக்கோங்க" என்றார் அப்பா நடுவில்.

"தங்கமாட்ட வெச்சுக்கறனுங்க."

"நாங்க வந்த காரியம்?"

"பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் பாக்கலாமுங்க என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை நெருங்குகிறதே! "வருவீங்களா, மாட்டீங்களா சார்?" என்று கேட்டேவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் சந்தகை தொண்டையில் நின்றது.

மேனேஜர் கோபப்படவில்லை. சந்தகைத் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் வரமுடியாதுங்க அம்மணி. ஆனா எனக்கு ஒரு சங்கடம் இருக்குது. உங்க ஆளு வந்ததுல, எங்ககிட்ட முன்னால இருந்த துணைக் கோச்சு ஊட்டோட இருந்துக்கிட்டாருங்க. போங்கன்னு யாரும் சொல்லல. ஆனா வாங்கன்னும் நாங்க சொல்லல. அவிநாசியில இருக்காரு. நான் போனா மொகங்குடுத்துப் பேசமாட்டேங்கறாரு. நீங்க வேணும்னா..."

"அவரு நல்ல மனுசனுங்க" என்றார் அவர் மனைவி. "டீமு தோத்தா அவரு என்ன பண்ணுவாரு?"

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறுதிப் போட்டி முழுக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோட்டோரமாக அங்குமிங்கும் கையைக் காட்டிக்கொண்டே ஓடினாரே, அவர்! எங்கள் பையன்கள் அவருக்கு டிராபிக் போலீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தவர். பன் பையோடு நின்ற எனக்கும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஹோப் காலேஜ் சிக்னலில் கார் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தோத்த ஆளக் கூட்டிட்டு வர்றதா கண்ணு? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நம்மகிட்டத் தோத்தவருங்ப்பா. ஒரு சீசன் பூரா நம்மளையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. நம்ம டீமப் பத்தி நமக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வருவாருங்கற?"

"தெரியாதுங்ப்பா."

சிக்னல் விழுந்தது. அப்பா கியரைப் போட்டார். "ஞாயித்துக்கிழமை வெடியால கெளம்பிரலாம். அந்தக் கோல்கீப்பர் பையனையும் வரச்சொல்லு. பெருந்துறைக்குப் போறதா இருந்தாலும் அவன் அவிநாசியத் தாண்டித்தான போகோணும்."

மறுநாள் மைதானத்தில் அவனிடம் சொன்னேன். "அந்த டிராபிக் போலீஸுங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நம் ஆட்கள் அடிக்கும் கார்னர் கிக்கில் பந்து எந்தப் பக்கம் போகும் என்று தனக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கையைக் காட்டிவிடுவார் என்றான். அதைக் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்கவேண்டுமாம். ஞாயிறு வருகிறேன், திங்கட்கிழமையை அப்புறம் பார்க்கலாம் என்றான்.

அவிநாசி வீட்டுக்குள் முதலில் என்ன சொல்லிக்கொண்டு நுழைவது என்று அப்பா இரண்டு நாளாகச் சவரக் கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுத்தார். நான் என் பங்குக்கு ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அவிநாசிக்காரர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் நான் எழுந்து வரப்போவதில்லை. இறுதிப் போட்டியில் எங்கள் பையன் அடித்த கோல் எங்கள் திறமையா, அவர்கள் ஆள் விட்ட இடமா என்று நேராகக் கேட்டுவிடுவது. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாரானால், காரில் ஏறும்வரை நிறுத்தவிடக்கூடாது.