உருதுவில் வந்த கடுதாசிகள்

என் கணவர் என்மேல் வந்த கோபத்தில்தான் ஜெர்மன் சண்டைக்குப் போனார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு மாட்டுவண்டியில் ஆவாரம்பட்டை கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை. அந்தப் பட்டையை இடித்துத் தூளாக்குவது என் வேலை. அந்தத் தூளில் ஊறவைத்துத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். ஒருநாள் மதியம் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். அவர் யாரோ தோஸ்த் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பசியில்லை என்றார். அந்த மாதத்தில் அது மூன்றாம் தடவை. நான் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தேன்.

"உன்னோட இருக்கறதுக்கு சண்டைக்கே போலாம்" என்றார்.

"போய்யா. போய்ட்டு திரும்பி வராத" என்றேன்.

மூன்றாம் நாள் வேலூருக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். மாடுகளோடு பழகினவர் என்று கோவேறு கழுதை ஓட்டுகிற பிரிவில் சேர்த்துக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வீம்பு கொஞ்சமாகவும் பயம் நிறையவும் இருந்தது. போகாதே என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கிளம்பின அன்று ரயிலடிக்குப் போகத்தான் செய்தேன், ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஜன்னலில் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டே இருந்தார். நான் கையைத் தூக்கவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாலு மாதம் கழித்துப் பஸ்ராவிலிருந்து முதல் கடுதாசி வந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள், தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். ஆசையாகப் பிரித்தால் உள்ளே முழுக்க உருது! என் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பிரிவில் நம் பக்கத்து ஆள் என்று இருந்தவர் வாணியம்பாடிக்காரர் ஒருவர்தானாம். அந்தச் சிநேகிதருக்குத் தெரிந்த எழுத்து உருது மட்டும்தான்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில், ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவருடைய மனைவி இருந்தார். கோஷாவில், அதாவது வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பவர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். அவர்கள் வீட்டு வழக்கப்படி நானும் அவரை ஆப்பா என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல. சமையல்கட்டு வாசலில் என்னை உட்காரவைத்து, கடுதாசியைப் படித்துத் தமிழில் சொன்னார். சௌக்கியமாக இருக்கிறேன். கழுதைகளும் சௌக்கியம். இங்கே வெயில் ஜாஸ்தி. சிவப்புப் பசு கன்று போட்டதா?

"வேற ஒண்ணும் இல்லியா ஆப்பா?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இருக்குதே. 'வண்டி கெளம்பறப்போ உன்னைத்தான் தேடினேன். நீ வந்திருந்தேன்னு தெரிஞ்சா நல்லா தூங்குவேன்'னு எழுதியிருக்குது."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ரயிலடியில் நின்ற கதையை எல்லாம் அழுகையோடு அவரிடம் கொட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் பேனாவை எடுத்து, "பதில் சொல்லும்மா, எழுதறேன்" என்றதும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. பசு கிடேரிக்கன்று போட்டது, மழை கம்மி, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்றேன். அவர் பேனா நிற்கவேயில்லை. பக்கத்தின் அடிவரை போனது.

"நான் சொன்னது நாலு வார்த்த. நீங்க இன்னா இவ்ளோ எழுதறீங்க?"

"உருதுல எழுதினா ஜாஸ்தி எடம் புடிக்கும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

இப்படியே இரண்டு வருஷம் கடுதாசிகள் போய்வந்தன. சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் போதவில்லை என்று ஷாப்பில் வேலை குவிந்தது. பட்டை இடித்து இடித்து என் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்தது. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் மண்ணெண்ணெய் கிடைக்காது, புடவை கிடைக்காது, அரிசிக் கடை வாசலில் அடிதடி. தபால்காரர் தெருவில் நுழைந்தால் பெண்கள் எல்லாரும் அடுப்பை விட்டு வெளியே வந்து, அவர் யார் வீட்டு முன்னால் நிற்கிறார் என்று பார்ப்போம். சாவுச் சேதியைக் கொண்டுவருகிறவரும் அவர்தானே.

ஆப்பா வீட்டில் வேறொரு சங்கடமும் இருந்தது. பஸ்ரா பக்கம் சண்டை நடந்தது துருக்கி சுல்தானோடு. அவரைக் கலீஃபா என்று மதிக்கிறவர்கள் அவர்கள். வீட்டு ஆண்கள் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். என் கடுதாசியை எழுதுவது ஆப்பா மனதுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சுல்தானுக்கும் துவா கேக்கறேன், உன் வூட்டுக்காரருக்கும் கேக்கறேன். ரெண்டையும் எப்படி சரி பண்றதுன்னு அல்லா பாத்துக்கட்டும்" என்றார்.

பிறகு கடுதாசி நின்றுபோனது. எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. அதற்குள் விஷக்காய்ச்சல் ஊரில் நுழைந்து ஷாப்பில் பாதிப் பேரைப் படுக்கவைத்தது. பலர் எழுந்திருக்கவில்லை. ஆப்பாவும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்தே படுத்துவிட்டார்கள். பதினோரு நாள் நான் அவர்கள் சமையல்கட்டில் கஞ்சி காய்ச்சி இருவருக்கும் ஊட்டினேன். நினைவு திரும்பியதும் ஆப்பா கேட்ட முதல் கேள்வி, "தபால் வந்துச்சா?"

சண்டை முடிந்தது என்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அதற்கும் பல மாதங்கள் கழித்து ஒரு நாள், ஷாப் வாசலில் மெலிந்த ஆள் ஒருவர் கோலூன்றி நிற்பதைப் பார்த்தேன். பட்டைத் தூசிக்காக நான் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தேன். அப்படியும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வந்துட்டேன்மே" என்றார்.

"சாப்ட்டியா?" என்றேன்.

வலது முழங்கால் மடங்கவில்லை. கழுதை உதைத்ததாம். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டை எடுத்தார். எல்லாம் என் கடுதாசிகள்.

"ஒண்ணு வந்தா நாலு தரம் படிக்கச் சொல்லுவேன். 'ரயிலடிக்கு வந்தேன், கூட்டத்துக்குப் பின்னால நின்னேன், கைய தூக்காதது என் தப்பு'ன்னு எழுதினியே, அது எனக்கு மனப்பாடம்" என்றார்.

நான் அதை எழுதச் சொல்லவேயில்லை. ஆப்பாவிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "நீ சொல்லல, அழுதே. அதைத்தான் எழுதினேன்."

மறைக்க மனமில்லாமல் அன்றே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கடுதாசிக் கட்டை மறுபடியும் எண்ணெய்த் துணியில் சுற்றினார்.

"நான் மட்டும் இன்னா? கழுத, வெயிலு, பசு. அவ்ளோதான் சொன்னேன். மிச்சமெல்லாம் அந்த வாணியம்பாடிக்காரன் எழுதினது. உன்ன தேடினேன்னு ஏதோ பேச்சுல சொல்லியிருந்தேன், அதையும் சேத்துட்டான்" என்றார்.

"அவரு இன்னா ஆனாரு?"

"வெயில்ல சுருண்டு வுழுந்தான். மூணாம் நாள் போய்ட்டான். அதுக்கப்புறம் எழுத ஆளில்ல."

சிநேகிதருடைய தஸ்பீயை, அவர்கள் உருட்டுகிற ஜெபமாலையை, என் கணவர் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதைக் கொடுக்க இருவரும் வாணியம்பாடிக்குப் போனோம். சிநேகிதருக்குத் தாய் மட்டும்தான். சர்க்கார் காகிதம் ஒன்று வந்ததைத் தவிர அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என் கணவர் திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் பேச்சே குறைவு. ஷாப்பில் தோல்கட்டைத் தொப்பென்று போட்டால்கூட உடம்பு குலுங்கிப்போகும். அப்படிப்பட்டவர் ஜெபமாலையைக் கொடுத்துவிட்டு உருதுவில் மெள்ள ஏதோ சொன்னார். அவருக்குத் தெரிந்த உருதெல்லாம் அந்தச் சிநேகிதரிடம் கற்றதுதான்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தமிழில், "எம் புள்ள பேசற மாதிரியே பேசறாம்மா. வார்த்தைய இழுக்கறதுகூட அவன மாதிரிதான்" என்றார். பிறகு அவரிடம், "நிறுத்தாத, பேசு" என்றார்.

சாயங்கால ரயில் வரைக்கும் அவர் பேசினார். தகரமூடியில் ரொட்டி சுட்டது, முரட்டுக் கழுதைக்குப் பெயர் வைத்தது, நல்ல கிணறு தேடி இருவரும் அலைந்தது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போவது வழக்கமாகிவிட்டது. வண்டி ஓட்ட முடியாததால் அவருக்கு ஷாப் வாசலில் காவல் வேலை கிடைத்தது.

எங்கள் முதல் பெண் பிறந்தபோது அந்த அம்மா வந்து பத்து நாள் தங்கினார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் கணவரை எதிரே உட்காரவைத்து உருதுவில் பேசச் சொல்வார். பாதி எனக்குப் புரியாது. அடுப்பைத் தணித்துவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.