பட்டியல் முழுக்க அப்பாக்கள்

1. செருப்போடு வந்த நாள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் நூலகராகச் சேர்ந்ததும் போட்ட முதல் சட்டம் அது. முதல்வரே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டைச் சாக்ஸோடு வந்து நிற்பார். அப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு நாள் காலையில் நூர்ஜகான் செருப்புக் காலோடு விறுவிறுவென்று வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பேப்பரு திரும்பி வந்துருச்சு மேடம். ரெண்டாவது தடவை. ரெஃபரன்ஸ் எல்லாம் அவுக சொன்ன ஸ்டைல்ல இல்லையாம், தாறுமாறா இருக்காம். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாப்பாகளாம்."

நூர்ஜகான் கம்பத்துப் பெண். எங்கள் தாவரவியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பன்னீர் திராட்சையில் வரும் அடிச்சாம்பல் நோய்தான் ஆராய்ச்சி. சுருளிப்பட்டியில் அவளுடைய அத்தா சாகுல் பாய் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டம்தான் ஆய்வுக்கூடம். மருந்து அடித்த கொடியையும் அடிக்காத கொடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மகள் சொன்னதும், நல்ல காய்ப்பில் இருந்த நாலு வரிசைக் கொடிகளுக்கு மருந்தே அடிக்காமல் விட்டுக்கொடுத்த மனிதர் அவர். அந்த வரிசைகள் கருகியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். தினமும் மகளை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, இலைப் பையோடு கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அவளுக்கும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அத்தா வண்டியைத் தர மாட்டார்.

பேப்பரை ஜர்னல் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பல்கலைக்கழகத்தில் வாங்கவேண்டிய நீட்டிப்பையெல்லாம் வாங்கியாகிவிட்டது. அந்த மாதம் தாண்டினால் பதிவு ரத்து. இத்தனை வருஷ உழைப்பும் கருகிய நாலு வரிசையும் வீண்.

2. கமாவும் புள்ளியும்

அவளுடைய கைடு பேராசிரியர் தங்கவேல், கோம்பைக்காரர். நல்ல மனிதர், நல்ல ஆராய்ச்சியாளர். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. அவர் வராந்தாவில் பேசினால் நூலகத்தில் தூங்குகிற பையன்கள் எழுந்து புத்தகத்தைத் திறப்பார்கள். அன்றைக்கு அவரும் பின்னாலேயே வந்தார்.

"ஸ்டைலு என்ன மேடம் பெரிய ஸ்டைலு? கமாவும் புள்ளியும்தான. நான் ஒக்காந்தா ஒரு மத்தியானத்துல கையிலேயே போட்டுருவேன்."

"போன ரெண்டு தடவையும் யாரு சார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப இந்தத் தடவை நான் போடுறேன் சார்," என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளைய நூலகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரில் நாம் படித்த கட்டுரைகளின் விவரத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டால் போதும். கட்டுரை எழுதும்போது வேர்டில் ஒரு பட்டனைத் தட்டினால், வாக்கியத்துக்கு நடுவே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வந்து உட்காரும், கடைசியில் பட்டியலும் தானாக வரும். எந்த ஜர்னலுக்கு எந்த மாதிரி என்று ஆயிரக்கணக்கில் ஸ்டைல் ஃபைல்கள் ரெடியாக இருக்கின்றன. நூர்ஜகானுக்கு வாய்த்த ஜர்னலுக்கு மட்டும் இல்லை. அவள் ஏதோ ஒரு ஸ்டைலில் பட்டியலை எடுக்க, மிச்சத்தை சார் கையால் திருத்தியிருந்தார். கையால் திருத்தினால் ஒரு இடத்தில் கமா, அடுத்த இடத்தில் புள்ளி, மூன்றாவது இடத்தில் இரண்டும் இருக்கும்.

ஸ்டைல் ஃபைலைப் புதிதாக எழுத உட்காராதீர்கள். நமக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைக் காப்பி எடுத்துப் பேரை மாற்றிவிட்டு, அதைப் பிடித்துத் தையுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த ஜர்னலுக்கு ஆண்டு கடைசியில் வர வேண்டும். வால்யூம் நம்பர் தடித்த எழுத்து. சர்நேம், அதாவது குடும்பப் பேர், முதலில், பிறகு இனிஷியல்; இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி உண்டு, இடைவெளி கிடையாது. ஆறு ஆசிரியருக்கு மேல் போனால் மிச்சப் பேர்களுக்குப் பதிலாக எட் ஆல், அதுவும் சாய்வெழுத்தில். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் சேமித்து, எடுத்துப் பார்த்தேன். நடுவில் எங்கேயோ ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததில், ஃபைல் திறக்கவே மாட்டேன் என்று உம்மென்று உட்கார்ந்துகொண்டது. தேடிப் பிடித்து மூடியதும் சிரித்தமுகமாகத் திறந்தது.

மறுநாள் மத்தியானம் பட்டியல் வந்தது. அடடா, என்ன அழகு! ஜர்னலில் ஏற்கெனவே வந்த கட்டுரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சு அசல். நூர்ஜகான் ஒரு பிரதியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். சார் கடைசியாக ஒரு பார்வை பார்க்கட்டும் என்று ஃபைலை அவருக்கு அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக டீ குடித்தேன். அந்த நிம்மதி டீ ஆறும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

3. சாரை அழிக்கும் சாஃப்ட்வேர்

"உங்க சாஃப்ட்வேருக்கு என் மேல என்ன கோவம் மேடம்?"

குரல் வராந்தாவிலேயே கேட்டது. சார் லேப்டாப்பைத் திறந்தபடி தூக்கிக்கொண்டு வந்தார்.

"என் பேப்பரு ஒம்பது இருக்கு இதுல. ஒரு எடத்துலயாச்சும் என் பேரு இருக்கா பாருங்க. நானும் விடாம டைப் பண்ணி வைக்கிறேன். பட்டனத் தட்டுனா அழிஞ்சு போகுது. மறுபடி போட்டா மறுபடி அழிக்குது!"

"இருங்க சார். நீங்க கையில டைப் பண்ணுனீகளா?"

"ஆமா. என் பேரு இல்லன்னா நான் போட வேண்டாமா?"

"போன ரெண்டு தடவையும்?"

"அனுப்புறதுக்கு முன்னாடி நான்தான் போட்டு வச்சேன். என்ன இப்ப?"

முன்பு திரும்பி வந்த பிரதியைத் திறந்து பார்த்தேன். கட்டுரைக்கு நடுவே 'தங்கவேல்' என்று இருந்தது. கடைசிப் பட்டியலைப் பார்த்தால் தங்கவேல் என்று ஒரு ஆளே கிடையாது. ஜர்னல்காரர்கள் தாறுமாறாக இருக்கிறது என்று சொன்னது கமாவை மட்டும் அல்ல. ஆளே இல்லாத ஒருவரை ஒம்பது இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தோம்.

சரி, சார் எங்கே போனார்? பட்டியலை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது 'கோம்பை, டி.பி.' என்பவர். கொஞ்சம் தள்ளி 'கே.பி., டி.' என்று ஒரு மர்ம நபர். அதற்கும் கீழே 'பெருமாள், டி.கே.' என்று ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியிருந்தார்.

"சார், பெருமாள்ங்கிறது யாரு?"

"எங்க அய்யா."

"அவுக திராட்சையப் பத்தி எதுவும் எழுதியிருக்காகளா?"

"அவரு கையெழுத்துப் போடுறதுக்கே நாலு தடவை யோசிப்பாரு மேடம்!"

"இங்கன அஞ்சு பேப்பர் எழுதியிருக்காக பாருங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாய்க்குப் பேர்போன கோம்பை, தாவரவியல் கட்டுரையும் எழுத ஆரம்பித்துவிட்டதே சார் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு அடக்க முடியாமல் சொல்லியும்விட்டேன். நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். நமக்கு சர்நேம் என்று ஒன்று கிடையாது. அப்பா பேரும் ஊர்ப் பேரும் இனிஷியலாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. இணையத்திலிருந்து விவரத்தை இழுக்கும்போது சாஃப்ட்வேர், கடைசியில் நிற்கிற சொல்தான் சர்நேம் என்று எடுத்துக்கொள்கிறது. சார் ஒரு காலத்தில் தங்கவேல் கே.பி. என்று எழுதினார். வெளிநாட்டு ஜர்னல் ஒன்று இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது தங்கவேல் கோம்பை பெருமாள் என்று விரித்தார். இன்னொரு தடவை அதையே முன்பின்னாக மாற்றி, ஊரைக் கடைசியில் போட்டார். ஒரே மனுஷர் அப்பாவாகவும் ஊராகவும் ரெண்டு எழுத்தாகவும் பிரிந்துபோனார். என் ஸ்டைல் ஃபைலில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் போன பேர்கள்தான் கோளாறு.

4. "எங்கப்பன் பேரு எதுக்கு?"

சாரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பட்டியலை மறுபடி பார்த்தால் நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் இதே கதி. பாதிப் பட்டியல் அப்பாக்கள். ஒவ்வொரு பேரிலும் எது ஆள், எது அப்பா என்று தெரிந்தால்தான் சாஃப்ட்வேரில் சரியான பெட்டியில் போட முடியும். சிலரை சாருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானும் நூர்ஜகானும் போன் போட்டோம்.

சின்னமனூரில் ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி ஒருவர் போனை எடுத்தார். ஐயா, உங்க பேருல எது உங்க பேரு, எது உங்க அப்பா பேரு என்று பவ்யமாகக் கேட்டேன்.

"எங்கப்பன் பேரு ஒங்களுக்கு எதுக்கும்மா? பட்டா மாத்தப் போறீகளா?"

"இல்லைங்கய்யா, ஒரு கட்டுரையில போட..."

"அவரு பேருல ஒரு சென்டுகூட இல்ல, சொல்லிப்புட்டேன். எல்லாத்தையும் எங்க சித்தப்பா எழுதி வாங்கிட்டாக."

அவரைச் சமாதானப்படுத்திப் பேரை வாங்குவதற்குள் சித்தப்பாவின் கதை முழுவதையும் கேட்டுவிட்டோம். கெட்டிக்காரச் சித்தப்பா.

எல்லாரையும் திருத்திக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பேரில் நின்றோம். 'சாகுல்ஹமீது, என்.' நூர்ஜகான் முன்பு எழுதிய சின்னக் கட்டுரை. அதிலும் அத்தாவே ஆசிரியர் ஆகியிருந்தார். நான் மவுஸைக் கொண்டுபோனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மட்டும் விட்டுருவமா மேடம்?"

"ஏன்?"

"அன்னைக்கு எடுத்த பிரிண்ட அத்தாகிட்டக் காட்டுனேன். அவுகளுக்கு இங்கிலீஷ்ல அவுக பேரு மட்டும் தெரியும். அதைக் கண்டுபுடிச்சுட்டாக. பேனாவால கோடு போட்டு சுருளிப்பட்டி டீக்கடை பூராக் காட்டிட்டாக மேடம். நாலு வரிசைக் கொடி போனப்பக்கூட அத்தா ஒண்ணும் சொல்லல. இது ஒண்ணாச்சும் அவுகளுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் நூலகர் வேலையில் இதற்கெல்லாம் இளகினால் ஆகாது.

"ஏம்மா, நாளைக்கு நீ வேலைக்குப் போய் நிப்ப. இந்த பேப்பர் யாரு எழுதுனதுன்னு கேப்பாக. எங்க அத்தா பேருல இருக்கு, ஆனா நான்தான் எழுதுனேன்னு சொல்லுவியா? ஒன்னையத் தேடுறவன் ஒன்னையக் கண்டுபுடிக்க வேணாமா? சார் படுற பாட்டப் பாத்தேல்ல?"

அவள் கையை எடுத்தாள். 'நூர்ஜகான், எஸ்.' என்று மாற்றினேன். பட்டனைத் தட்டியதும் கட்டுரையிலும் பட்டியலிலும் ஒரே மாதிரி பேர்கள் வந்து நின்றன. ஒம்பது இடத்திலும் தங்கவேல். சார் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, லேப்டாப்பைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நம்பிக்கை இல்லாமல் அவர் முன்னாலேயே அனுப்பிவைத்தேன்.

5. பின் சீட்டு

பேப்பரை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் மாதக் கடைசிக்குள் வந்துவிட்டது. சார் வராந்தாவில் வாசித்ததால் கல்லூரிக்கே தெரிந்துபோனது. ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு நூர்ஜகான் அழுத அழுகையில் என் மேஜையில் இருந்த டிஷ்யூ டப்பா காலி. அந்த ஸ்டைல் ஃபைலை இப்போதும் வைத்திருக்கிறேன், கேட்டவர்களுக்குக் கொடுக்கிறேன். ஆனால் யார் புதிதாக வந்தாலும் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "இதுல நீ யாரு, ஒங்க அப்பா யாரு?" இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கட்டுரை அச்சில் வந்த வாரம், சாகுல் பாய் ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு நூலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். மகள் கொடுத்த பிரதியை வாங்கி, கடைசிப் பக்கத்துக்குப் போய், விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நூர்ஜகான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கன என் பேரு இருந்துச்சே டீச்சரம்மா?"

"நான்தான் மாத்துனேன் பாய். எழுதுனது ஒங்க மகதான? அவ பேருதான முன்னாடி நிக்கணும். இந்தா பாருங்க, நூர்ஜகான்."

"பக்கத்துல இது என்ன?"

"எஸ். அது நீங்கதான்."

"ஒத்தை எழுத்தா!" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் என்ன சொல்லப் போகிறாரோ என்று தோன்றியது. மனுஷர் மெதுவாகப் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னொரு பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

"இம்புட்டு நாளும் நான் ஓட்டுனேன், நீ பின்னால ஒக்காந்து வந்த. இனிமே நீ ஓட்டும்மா. நான் பின்னால ஒக்காந்துக்கிறேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நூர்ஜகான் மொபெட்டை ஓட்ட, சாகுல் பாய் பின்னால் காலிக் கூடையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். கேட்டைத் தாண்டும் வரைக்கும் "பிரேக்கு, தாயி, பிரேக்கு!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.