அவளுடைய ஊரை நான் வெட்டியது

லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவள் எல் சல்வடோர்க்காரி. ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. இங்கே அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். எனக்கோ அந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. எங்கள் தமிழ் ஆட்கள் எத்தனை பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்திருப்பேன்! லோயரிடம் போகுமுன் அவளையும் இருத்தி வைத்துக் கதையைச் சொல்லச் சொன்னேன்.

அவள் தாயின் காலத்திலிருந்து தொடங்கினாள். உள்நாட்டுப் போரில் இராணுவம் வந்ததும் ஊரே ஆற்றைக் கடந்து ஹொண்டுராஸுக்கு ஓடியிருக்கிறது. வருடக்கணக்கில் முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து சோளம் விதைத்தார்கள், தேவாலயத்துக்குக் கூரை போட்டார்கள். கூரை போட்ட அன்றே அவளுடைய தகப்பன் எழுந்து, இராணுவத்துக்கு ஆட்களைக் காட்டிக் கொடுத்தவன் இவன்தான் என்று ஒருவனை எல்லோர் முன்னாலும் சுட்டிக் காட்டினாராம். அவனுடைய பேரன் இப்போது அந்த ஊரில் பொலிஸ். அவளுடைய தம்பியைக் குற்றக் கும்பல்காரன் என்று பிடித்துக்கொண்டு போனவன் அவன்தான். அடுத்தது நீ என்று அவளிடமும் சொல்லியிருக்கிறான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு, சோளம், கூரை எல்லாம் யாருக்கு வேண்டும்? பழைய பகையை இழுத்தால் குடும்பச் சண்டை என்று தள்ளிவிடுவார்கள், தம்பியில் தொடங்கு, வேறு எதுவும் பேசாதே என்றேன். பாவம், தலையாட்டினாள்; லோயர் எழுதிய வாக்குமூலமும் தம்பியில்தான் தொடங்கியது. வீட்டில் வந்து பெருமையடித்தபோது மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"அவவின்ரை கதையை அவ சொல்லட்டுமன். நீங்கள் ஏன் வெட்டுறியள்?"

"உமக்கு இது விளங்காதப்பா" என்றேன்.

நேர்காணலில் அதிகாரி ஒரே ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: இத்தனை குடும்பங்கள் இருக்க, அந்தப் பொலிஸ்காரன் உன் குடும்பத்தை ஏன் தேடி வந்தான்? அவள் உண்மையைச் சொன்னாள். எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் இது இல்லையே, பிறகு சோடித்தது என்று நிராகரித்துவிட்டார்கள். வெட்டியது என் வாய். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் அவள் நேரே அவன் கையில்தான் போய் விழுவாள்.

யார் மறைக்கச் சொன்னது என்று மேன்முறையீட்டு லோயர் கேட்டாராம். மறைக்கச் சொன்னது நான்தான் என்று அந்த ஆள் ஒரு கடிதம் கொடுத்தால் வழக்குக்குப் பெரிய உதவி என்றும் சொன்னாராம். ஒருவரும் சொல்லவில்லை, நானே சொல்ல மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "நீ பயப்படாதே, உன் பெயரைச் சொல்லமாட்டேன்" என்று கரட் வெட்டிக்கொண்டே எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். வெட்கமாக இருந்தது.

நானும் அகதியாக வந்தவன்தான்; பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்து எவ்வளவோ காலம். ஆனாலும் பழைய பயம் விடவில்லை. என் பெயரில் கடிதம் போனால் என் பழைய ஃபைலை எடுப்பார்கள். அதில் எது என் கதை, எது என்னை இங்கே கூட்டி வந்த ஏஜென்சி சொல்லித் தந்தது என்று எனக்கே இப்போது சரியாகத் தெரியாது. வழக்கு வருகிற புதன்கிழமை. இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

லோயர் கேட்ட கடிதத்தைப் பற்றி மனைவியிடம் சொல்லியிருந்தேன். இன்று காலை தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அந்தக் கடிதத்தைக் குடுத்திட்டியளோ?"

"ஓம், குடுத்திட்டன்" என்றேன்.